தளிருக்கு வழி விடுவோம்



தவக்காலத்தில் நம் ஆலய வளாகங்களைக் கூட்டிப் பெருக்குவோரைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை முறை கூட்டினாலும் சருகு தீர்வதில்லை என்பார்கள். மாசி பிறந்ததும் வேம்பு பழுக்கத் தொடங்குகிறது, புங்கு உதிர்க்கிறது, அரசு வெறுங்கொம்பாய் நிற்கிறது. சாம்பற் புதனன்று நம் நெற்றியில் சாம்பலைப் பூசிக்கொண்டு வெளியே வந்தால், மரங்களும் நம்மோடு நோன்பு தொடங்கிவிட்டனவோ என்று எண்ணத் தோன்றும். அந்தச் சாம்பலும் சென்ற ஆண்டுக் குருத்தோலையின் சாம்பலே அன்றோ! குருத்து சருகாகி, சருகு சாம்பலாகி, சாம்பலிலிருந்து மீண்டும் ஒரு குருத்து ஞாயிற்றை நோக்கி நாம் நடக்கிறோம்.

பனி பெய்யும் நாடுகளில் வசந்தம் பனிக்கட்டி உருகுவதோடு வருகிறது. நம் நாட்டிலோ அது வெயிலோடு வருகிறது. சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். இதில் ஒரு வியப்பு உண்டு. நம் மரங்கள் மழையைக் கண்டபின் தளிர்ப்பவை அல்ல. பங்குனி வெயில் தகிக்கும்போது, வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோது, அவை தளிர்க்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை நிலத்தின் ஆழத்தில் இறங்கிச் சேர்ந்திருக்கும் ஈரத்தை அவற்றின் வேர்கள் எட்டுகின்றன. தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்திருந்த உணவைக் கொண்டு அவை புது இலை விடுகின்றன. பகற்பொழுது நீண்டு வருவதையே பல மரங்கள் அடையாளமாகக் கொள்ளுகின்றன என்று தாவரவியல் அறிஞர் கூறுகின்றனர்.

நம் உயிர்ப்புப் பெருவிழாவும் அதே அடையாளத்தைக் கொண்டே குறிக்கப்படுகிறது. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21-ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு. ஆக, மரமும் திருச்சபையும் ஒரே ஒளியைப் பார்த்தே நாள் குறிக்கின்றன எனலாம்.

இக்காலத்தில் நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து கொண்டுவரும் செய்திகள் அச்சமூட்டுகின்றன. புவி வெப்பமடைகிறது, கடல் மட்டம் உயர்கிறது, உயிரினங்கள் அழிகின்றன என்று அவர்கள் படிக்கிறார்கள். "சாமி, நாங்கள் பெரியவர்களாகும்போது உலகம் இருக்குமா?" என்று ஒரு சிறுமி மறைக்கல்வி வகுப்பில் நம்மைக் கேட்டாள். அவளுக்கு என்ன மறுமொழி கூறுவது? ஆண்டுதோறும் தளிர் வருகிறது, ஆகவே கவலை வேண்டாம் என்று கூறிவிடலாமா? அவ்வாறு கூற நமக்கு வாய் வரவில்லை. ஏனெனில், தளிர் வராமற்போன ஓர் இளவேனிலை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அதற்குக் காரணமாயிருந்தவரும் நாமே.

நாம் செய்த பிழை

நாம் முன்னர்ப் பணியாற்றிய பங்கில், ஆலயத்தின் முன்றிலில் ஒரு பெரிய புங்கமரம் இருந்தது. மூன்று தலைமுறையினர் அதன் நிழலில் மறைக்கல்வி பயின்றவர்கள். திருமணத்திற்கு வந்தோரும் அடக்கத்திற்கு வந்தோரும் அதனடியிலேயே அமர்வார்கள். மழைக்காலத்தில் முன்றில் சேறாகிவிடும்; கோடையில் புழுதி பறக்கும். 2016-ஆம் ஆண்டு, பங்குத் திருவிழாவுக்கு முன்னர், ஒரு குடும்பத்தார் நல்மனத்தோடு பொருளுதவி செய்ய முன்வந்தனர். முன்றில் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் இட நாம் ஒப்புதல் அளித்தோம். மரத்தின் அடிவரைக்கும் தளம் சென்றது. "எவ்வளவு துப்புரவாக இருக்கிறது!" என்று எல்லாரும் பாராட்டினர். நாமும் மகிழ்ந்தோம்.

மறு ஆண்டு புங்கு தளிர்த்தது. ஆனால் இலைகள் சிறுத்திருந்தன. அதற்கடுத்த ஆண்டு பாதிக் கிளைகளே தளிர்த்தன. வறட்சியின் விளைவென்று கருதி வாளாவிருந்தோம்.

2019-ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, காய்க்காத அத்திமரம் பற்றிய உவமை திருப்பலியில் வாசிக்கப்பட்டது. மரத்தை வெட்டிவிடச் சொன்ன உரிமையாளரிடம், இன்னும் ஓராண்டு பொறுத்திருக்குமாறும், தான் அதைச் சுற்றிக் கொத்தி எருவிடுவதாகவும் தோட்டக்காரர் மன்றாடினார் அல்லவா? இறைவனின் பொறுமையைப் பற்றி அரைமணி நேரம் மறையுரை ஆற்றினோம். திருப்பலி முடிந்ததும் முதியவரான உபதேசியார் நம்மிடம் வந்தார். இளமையில் வயல் வேலை செய்தவர், அதிகம் பேசாதவர்.

"சாமி, நம் புங்கமரத்தையும் சுற்றிக் கொத்திப் பார்க்கலாமே" என்றார்.

"எப்படிக் கொத்துவது? தளம் அல்லவா இருக்கிறது?" என்றோம்.

"அதைத்தான் சொல்லுகிறேன், சாமி. வேருக்கு மூச்சு முட்டுகிறது" என்றார்.

நமக்குச் சுருக்கென்றது. வேர்களும் மூச்சுவிடுகின்றன, மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றும் நீரும் இன்றி அவை வாழமாட்டா என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆயினும் தயங்கினோம். தளம் இட்டுத் தந்த குடும்பத்தார் மனம் வருந்துவார்களே! செலவழித்த பணம் வீணாகுமே! பங்குப் பேரவையினரும், விழா முடியட்டும், பார்க்கலாம் என்றனர்.

அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 21-ஆம் நாள் வந்தது. தெருவெங்கும் புங்கமரங்கள் மின்னும் பசுமையோடு நின்றன. நம் முன்றிலில் மட்டும் வெறுங்கொம்பு. அதனடியில் நின்றுகொண்டு புது நெருப்பை மந்திரித்தோம். பாஸ்காத் திரியை ஏந்தியபோது அதன் ஒளி கிளைகளின் மேல் பட்டது. ஓர் இலையும் இல்லை. கிறிஸ்துவின் உயிர்ப்பை அறிவித்துப் பாடவேண்டிய நம் நா தழுதழுத்தது. வசந்தம் வரவில்லை என்பதன்று. வசந்தம் வந்து கதவைத் தட்டியது, நாம்தான் கதவைப் பூசி மெழுகிவிட்டோம்.

அடுத்த வாரமே அந்தக் குடும்பத்தாரிடம் நேரில் சென்று பேசினோம். வருந்துவார்கள் என்று அஞ்சியது வீண். அவர்கள் வீட்டு இளைஞர்களே கடப்பாரையோடு வந்தனர். மரத்தைச் சுற்றி ஆறடி தூரத்திற்குத் தளத்தைப் பெயர்த்தோம். அடியில் இருந்த மண் ஓடுபோல் இறுகியிருந்தது. தோண்டிய இடத்தில் ஒரு மண்புழுவும் இல்லை. பக்குவமாகக் கொத்தி, மக்கிய எருவும் சருகும் இட்டோம். அவ்வாண்டு தமிழகத்தில் கடுமையான தண்ணீர்ப் பஞ்சம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்ட ஆண்டு அது. குடிக்கவே குடத்தோடு அலைந்த நாளில் மரத்துக்கு எங்கே போவது? ஆலயத்தைச் சுற்றியிருந்த தாய்மார்கள் அரிசி கழுவிய நீரையும் காய்கறி கழுவிய நீரையும் நாள்தோறும் கொணர்ந்து ஊற்றினர். பல மாதம் ஒன்றும் நிகழவில்லை.

2020-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12-ஆம் நாள். கொரோனா ஊரடங்கில் ஆலயக் கதவுகள் மூடியிருந்தன. மக்களின்றித் தனியே திருப்பலி நிறைவேற்றினோம். முடித்துவிட்டு வெளியே வந்தபோது புங்கு தளிர்த்திருந்தது. உபதேசியார் வாயிலுக்கு வெளியே, விலகி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மேற்குக் கிளை போய்விட்டது, சாமி. மற்றது பிழைத்துக்கொண்டது" என்றார். அவர் சொன்னது சரியே. மேற்குப்புறப் பெருங்கிளை அதன்பின் தளிர்க்கவே இல்லை. அடுத்த ஆண்டு அதை வெட்ட நேர்ந்தது. மற்றக் கிளைகள் இன்றும் நிழல் தருகின்றன.

வாசகர்களே, இம்மரம் நமக்குக் கற்பித்த பாடம் இரண்டு. தளிரைப் படைப்பது நம் வேலை அன்று. நம்மால் ஓர் இலையையும் உண்டாக்க இயலாது. ஆனால் தளிரின் மீது நாம் வைத்த கல்லை அகற்றுவது நம் வேலை. அதை நமக்காக வேறெவரும் செய்யமாட்டார்கள்.

பறவை பாடாத வசந்தம்

இந்தப் பாடத்தை உலகறிய முதலில் எடுத்துரைத்தவருள் ஒருவர் ரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. கடலுயிர் ஆராய்ச்சியாளரான அவர் 1962-இல் ஒரு நூலை வெளியிட்டார். அதன் பெயரை 'மௌன வசந்தம்' எனத் தமிழில் கூறலாம். டி.டி.டி. முதலான பூச்சிக்கொல்லி மருந்துகளை அளவின்றித் தெளித்தால், வசந்தம் வந்தாலும் பாடுவதற்குப் பறவை இராது என்று அவர் எச்சரித்தார். இரசாயன நிறுவனங்கள் அவரை எள்ளி நகையாடின. அவர் எல்லா மருந்துகளையும் ஒழிக்கச் சொன்னவர் அல்லர். அறிந்து, அளவோடு கையாளச் சொன்னவர். அப்போதே புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்த அவர், 1964 ஏப்ரலில், ஒரு வசந்த நாளிலேயே மறைந்தார். தம் எச்சரிக்கையின் பலனைக் காண அவர் உயிரோடு இல்லை.

பலன் யாது? அமெரிக்காவின் சின்னமாகிய வெண்தலைக் கழுகை எடுத்துக்கொள்வோம். நீரில் கலந்த டி.டி.டி. மீனுக்குள் சென்றது, மீனை உண்ட கழுகுக்குள் சேர்ந்தது. அதனால் முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையைத் தாங்காமல் உடைந்தது. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களில் 1963-இல் 417 இணைகளே எஞ்சியிருந்தனவாகக் கணக்கிட்டனர். 1972-இல் அந்நாட்டு அரசு டி.டி.டி.யைப் பயிர்களுக்குத் தெளிப்பதைத் தடைசெய்தது, கூடுகளையும் பாதுகாத்தது. 2007-இல் அக்கழுகு அழியும் நிலையிலுள்ளவற்றின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அப்போது ஏறத்தாழ 10,000 இணைகள் இருந்தன. கழுகை யாரும் புதிதாகப் படைக்கவில்லை. அதன் மீது வைத்த கல்லை அகற்றினார்கள். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது.

மற்றொரு சான்று நம் தலைக்கு மேலே உள்ளது. கதிரவனின் தீய கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கும் ஓசோன் படலம், தென்துருவத்தின் மேல் வசந்தகாலந்தோறும் மிகவும் மெலிந்து வருவதை 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட வாயுக்களே காரணம் எனத் தெளிவாயிற்று. 1987-இல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி, அவ்வாயுக்களைக் கைவிட உடன்படிக்கை செய்தன. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதில் இணைந்தன. இப்போது அப்படலம் மெல்ல ஆறிவருகிறது. உலகின் பெரும்பகுதியில் 2040-ஐ ஒட்டியும், தென்துருவத்தில் 2066-ஐ ஒட்டியும் அது 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என அறிஞர் கணித்துள்ளனர். உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பலர் அந்நாளைக் காணமாட்டார்கள். தாம் காணாத வசந்தத்துக்காக உழைப்பதே கிறிஸ்தவ நம்பிக்கை அன்றோ!

கடலுக்கும் ஓர் ஓய்வு

நம் கடற்கரைப் பங்குகளில் வாழும் குடும்பங்களுக்கு இதை நாம் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. இளவேனில் பிறக்கும் ஏப்ரல் 15-ஆம் நாள் தமிழகக் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாளாக நீட்டிக்கப்பட்டுள்ளது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக இந்த ஏற்பாடு.

அந்த இரு மாதமும் மீனவக் குடும்பங்கள் படும் பாட்டை நாம் அறிவோம். அடகுக் கடைக்குச் செல்லும் நகைகளையும், பள்ளிக் கட்டணத்துக்கு அலையும் தாயையும் கண்டிருக்கிறோம். அரசு தரும் நிவாரணம் அக்குறையை முழுதும் தீர்ப்பதில்லை. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்குமாறு பழைய ஏற்பாட்டில் இறைவன் கட்டளையிட்டபோது, அந்த ஆண்டில் ஏழைகள் பசியாற வேண்டும் என்பதையும் சேர்த்தே கட்டளையிட்டார். கடலின் ஓய்வுக்கு விலை கொடுப்பவர் வலை இழுப்பவர் மட்டுமாக இருக்கலாகாது; மீன் உண்போர் யாவருக்கும் அதில் பங்குண்டு. தடைக்காலத்தில் உள்நாட்டுப் பங்குகள் கடற்கரைப் பங்குகளுக்குக் கைகொடுப்பது தவக்காலத் தருமத்தின் தொடர்ச்சியே ஆகும்.

போலி நம்பிக்கை வேண்டாம்

2020 ஊரடங்கின்போது வானம் தெளிந்தது. பஞ்சாபின் ஜலந்தர் நகர மக்கள், பல ஆண்டுகளாகக் கண்ணில் படாத இமயத்தின் பனிமுடிகளைத் தம் வீட்டு மாடியிலிருந்தே கண்டனர். இயற்கை தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது என்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் அது நம் மனமாற்றத்தின் கனி அன்று. வேலையிழந்து, கைக்குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் நடந்த ஏழைகளின் துன்பத்தோடு சேர்ந்து வந்த தெளிவு அது. ஊரடங்கு தளர்ந்ததும் புகையும் திரும்பிற்று. கல்லைப் புரட்டாமல் சற்றே நகர்த்தினால், அது பழைய இடத்துக்கே உருண்டு வந்துவிடும்.

இன்று வசந்தமே தடுமாறுகிறது. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் மலரும் நாளை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகக் குறித்து வந்திருக்கிறார்கள். அதுவரை இருந்த அத்தனை நூற்றாண்டுப் பதிவுகளிலும் மிக முந்திய முழுமலர்ச்சி 2021 மார்ச் 26-ஆம் நாள் நிகழ்ந்தது. அளந்து பதிவுசெய்யத் தொடங்கிய நாள் முதல் 2024-ஆம் ஆண்டே உலகில் மிக வெப்பமானது. மேற்குக் கிளையைப் போல, சில இழப்புகள் மீளமாட்டா. இதைப் பிள்ளைகளிடம் மறைக்கலாகாது. அதே வேளையில், எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லவும் நமக்கு உரிமையில்லை. கழுகும் ஓசோனும் அவ்வாறு சொல்ல விடவில்லை. அவநம்பிக்கையும் ஒருவகைச் சோம்பலே.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் அசிசியாரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். அப்புனிதரின் பெயரையே தாங்கிய திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலை எழுதி, பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் சேர்த்தே கேட்குமாறு வேண்டினார். 2025-இல் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாளே அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் விட்டுச்சென்ற பணி நம் வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது.

குடும்பங்கள் செய்யக்கூடுவன

முதலாவது, வாசலில் தளம் இடுவோர் மரத்தைச் சுற்றிச் சில அடியேனும் மண்ணைத் திறந்து விடுங்கள். மழைநீர் இறங்க வழி வேண்டும். இன்று இறங்கும் நீரே அடுத்த பங்குனியின் தளிர்.

இரண்டாவது, உதிரும் சருகைக் கொளுத்தாதீர்கள். புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குக் கேடு. சருகோ மண்ணுக்கு உணவு. அதே மரத்தடியில் குவித்து மக்க விடுங்கள்.

மூன்றாவது, சித்திரை வெயிலில் கன்று நட்டு நிழற்படம் எடுத்துக்கொள்வதனால் பயன் சிறிதே. ஐப்பசி மழையில் நடுங்கள். சித்திரையில் தண்ணீர் ஊற்றுங்கள். நடுபவரினும் ஊற்றுபவரே தேவை.

நான்காவது, பெற்றோர்களே, சாம்பற் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை உங்கள் தெருவிலுள்ள ஒரு மரத்தைப் பிள்ளைகளோடு நாள்தோறும் பாருங்கள். எந்நாள் இலை உதிர்ந்தது, எந்நாள் தளிர் அரும்பியது என்று அவர்கள் குறித்துவரட்டும். தளிர்க்காத மரம் ஏதேனும் இருப்பின், அதன் அடியைப் பாருங்கள். ஆணி அடித்திருக்கிறதா, கழிவுநீர் தேங்கியிருக்கிறதா, தளம் நெருக்குகிறதா என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். நம்மைக் கேள்வி கேட்ட அந்தச் சிறுமிக்கும் இதையே சொன்னோம். அவள் தன் தெருவில் ஒரு வேம்பைத் தேர்ந்துகொண்டாள்.

உயிர்ப்பு நாளின் விடியலில் கல்லறைக்கு நடந்த பெண்கள், வாயிலிலிருந்து கல்லை யார் புரட்டுவார் என்று கவலையோடு பேசிக்கொண்டே சென்றனர். ஆயினும் அவர்கள் திரும்பிவிடவில்லை, நடந்தார்கள். அக்கல்லறை ஒரு தோட்டத்தில் இருந்தது என்கிறார் நற்செய்தியாளர் யோவான். அங்கே உயிர்த்த ஆண்டவரைக் கண்ட மகதலா மரியா, அவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார். அது முற்றிலும் தவறான எண்ணம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆதியில் மனிதனை ஒரு தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் காக்கவும் பணித்தவர் அவரே அன்றோ!

அத்தோட்டத்தின் பணியாட்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் அவர் ஏற்றுக்கொள்வாராக. புங்கும் வேம்பும் தளிர்க்கும் இந்நாளில், நம் கை வைத்த கற்களை நம் கையாலேயே அகற்றும் மனத்துணிவை அவர் நமக்கு அருள்வாராக.